மகரந்தச் சேமிப்பு எடுத்துப் படிக்கிற ஜூனியர்களுக்கு

கோயம்புத்தூர்ல பிளான்ட் பிரீடிங் எம்.எஸ்சி படிச்சப்ப மகரந்தச் சேமிப்புதானுங்க என்னோட தீசிஸ். இந்த டாபிக் எடுக்கிற பசங்க நிறைய பேரு எந்தப் பயிரோட மகரந்தத்தை எத்தனை டிகிரியில வெக்கணும்னு மனப்பாடம் பண்ணிப்போட்டு வைவாவுக்கு, அதான் வாய்மொழித் தேர்வுக்குப் போறாங்க, அது போதாதுங்க, முதல்ல ஈரப்பதத்தைப் புரிஞ்சுக்கோங்க, மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி தானா வரும்.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, அதுல மகரந்தத்தை வெச்சா செல்லோட வேலையெல்லாம் கிட்டத்தட்ட நின்னுபோகும், அதனாலதான் வருசக்கணக்குல வெக்க முடியுது. ஆனா உள்ள தண்ணி நிறைய இருந்தா ஐஸ் கட்டி சவ்வைக் கிழிச்சுப்போடும், அதான் முதல்ல ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல்லுல காய வெக்கிறோம். அப்ப மக்காச்சோள மகரந்தத்தையும் அப்படியே காய வெக்கலாமேன்னு எக்ஸ்டர்னல், அதான் வெளிய இருந்து வர்ற எக்ஸாமினர், கண்டிப்பா கேப்பாருங்க. அது உதிரும்போதே பாதிக்கு மேல தண்ணி, மூணு செல் இருக்கிற மகரந்தம், காஞ்சா தாங்காது, வெளிய விட்டா சில மணி நேரத்துல போயிரும். தக்காளி, மிளகாயெல்லாம் ரெண்டு செல், பொதுவா இந்த வகை காய வெச்சா தாங்கும், ஆனா இதுக்கு விதிவிலக்கும் இருக்குதுன்னு சேர்த்தே சொல்லுங்க.

உதாரணம் கேட்டா தென்னையைச் சொல்லுங்க, பொள்ளாச்சிப் பக்கம் பார்க்காத ஆளு இல்லை. நெட்டையும் குட்டையும் கிராஸ் பண்ணணும்னா ரெண்டு மரமும் ஒரே நேரத்துல பாளை விடணும்னு கட்டாயம் இல்லை, ஆண் பூவை எடுத்து 40 டிகிரி பக்கம் காய வெச்சு சலிச்சு ஃப்ரீசர்ல வெச்சா, இங்க பெண் பூ ரெடியாகும்போது டால்க் பவுடர் கலந்து அடிச்சுக்கலாம்.

உயிர் இருக்குதான்னு பார்க்கிறதுலதான் நான் ரொம்பக் கண்டிப்புங்க. அசிட்டோகார்மைன்ங்கிற சாயத்துல சிவப்பாச்சுன்னா உயிரோட இருக்குதுன்னு எழுதாதீங்க, சூடு பண்ணிக் கொன்ன மகரந்தமும் சாயம் ஏறும், அதையே ஒப்பிட்டுப் பார்க்கிற கன்ட்ரோலா பக்கத்துல வெச்சுப் பாருங்க. முளைக்க வெச்சுத்தான் பார்க்கணும். 1963ல வந்த புரூபேக்கர் குவாக் மீடியம், அதான் மகரந்தத்தை முளைக்க வெக்கிற கரைசல், எடுத்துக்கலாம், 10 சதவீதம் சர்க்கரை, போரிக் ஆசிட் 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு), கால்சியம் நைட்ரேட் 300, இன்னும் மெக்னீசியம், பொட்டாசியம் உப்பு, சர்க்கரை மட்டும் பயிருக்குத் தகுந்த மாதிரி மாத்தணும். மகரந்தத்துல இருந்து வர்ற குழாயோட நீளம் மகரந்தத்தோட விட்டத்தைத் தாண்டினாத்தான் முளைச்சதா கணக்கு.

அப்புறம் ஃப்ரீசர்ல இருந்து எடுத்த குப்பியை உடனே திறக்காதீங்க, ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் திறங்க, இல்லேன்னா காத்துல இருக்கிற ஈரம் மகரந்தத்து மேலயே படிஞ்சிரும். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப எடுத்து வெக்காம ஒரு தடவைக்கு ஒண்ணுன்னு சின்னச் சின்னதா பிரிச்சு, தேதி போட்டு வெச்சிருங்க.