ரிமோட்டை கடைசியா ஆஃப் பண்ணுங்கடா

நேத்து ராத்திரி திருநகர் பட்டறையில, நம்ம பசங்களோட 15 கிலோ சண்டை ரோபோ. டெஸ்ட் முடிஞ்சு டிரம் (எதிரியை அடிக்கச் சுத்துற ஆயுத உருளை) நின்னதும், அது சுத்தாம தடுக்குற லாக் கம்பியைச் சொருகியாச்சு. அடுத்து லிங்க்கை, அதாவது பேட்டரி கரன்ட்டை ரோபோவோட இணைக்கிற பிளக்கை, உருவணும். அதுக்குள்ள நம்ம தம்பி ரிமோட்டை ஆஃப் பண்ணிட்டான். ரோபோவோட ரிசீவர்ல ஃபெயில்சேஃப் (ரிமோட் சிக்னல் போனா மோட்டாரை நிறுத்துற செட்டிங்) வைக்கவே இல்லையாம். டிரம் 'டக்'னு ஒரு உதறு உதறுச்சு. லாக் கம்பி லேசா வளைஞ்சுபோச்சு. என் கை நாலு விரக்கடை தள்ளி இருந்துச்சு, அவ்வளவுதான்.

போன வாரம் வரைக்கும் இவனுங்க லாக்குக்குப் பதிலா கேபிள் டேக் கட்டிட்டு இருந்தவனுங்க!

ரோபோவை ஆன் பண்ணி உயிர் கொடுக்கும்போது வரிசை இதுதான். லாக்கோட ரோபோவைக் கூண்டுக்குள்ள வை. ரிமோட்டை ஆன் பண்ணு, த்ராட்டில் (வேகக் குச்சி) கீழே இருக்கானு பாரு. அப்புறம்தான் லிங்க். சொருகும்போது 'பட்'னு பொறி வந்தா பதறி கையை டிரம் பக்கம் கொண்டுபோகாதே, மோட்டார் கன்ட்ரோலர்ல இருக்கிற கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறுது. லைட் எரியுதா? இப்ப லாக்கை உருவிட்டு வெளியே வா. டிரம்முக்கு நேரா மட்டும் நிக்காதே. கதவு சாத்துற வரைக்கும் ஆயுத சுவிட்சைத் தொடக்கூடாது.

ஓட்டி முடிச்சதும் அப்படியே தலைகீழா. டிரம் நிக்கட்டும், லாக், லிங்க், கடைசியா ரிமோட்.

6 செல் லிப்போ பேட்டரி ஃபுல் சார்ஜ்ல 25.2 வோல்ட். ஷாக் அடிக்காதுதான், ஆனா அந்த டிரம்முக்கு விரலை எடுக்க அது தாராளம்.

தம்பிக்கு தண்டனை: பத்து பேருக்கு ஜிகர்தண்டா. ஸ்பெஷல்தான்டா, சாதா இல்ல.