அம்மாவின் அஸ்வெசும கணக்கு

வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசாங்கம் மாதாமாதம் பணம் கொடுக்கும் அஸ்வெசும திட்டத்தின் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் பணம் வந்த மாதிரித்தான் என்று 2023இல் மட்டக்களப்பின் படுவான்கரையில் எங்கள் ஊரார் பேசிக்கொண்டார்கள். பெயர் வருவது பாதி வேலைதான். பணம் எந்த வழியால் வர வேண்டும் என்பதில் அரசாங்கம் இறுக்கமாக இருந்தது. பிரதேச செயலகக் கடிதத்தைக் கொண்டுபோய், சொல்லப்பட்ட அரச வங்கிகளில் ஒன்றில் கணக்குத் திறக்க வேண்டும். அதுவரை ஒரு சதமும் கிடையாது. அம்மாவுக்காக அந்தக் கணக்கைத் திறந்து முடித்தவள் நான். இன்னும் கடிதத்தோடு அலைபவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 'வறிய' பிரிவில் மாதம் 8,500 ரூபாய் என்று வந்திருந்தது. கிராம உத்தியோகத்தர் வீடு தேடி வந்து சொன்னார்; கடிதமும் சிரமமில்லாமல் கிடைத்தது. சிக்கல் வங்கியில்தான் தொடங்கியது. கடிதத்தில் இருந்தது 'வீ' எழுத்தில் முடியும் பழைய அடையாள அட்டை இலக்கம். அம்மாவின் கையிலோ 12 இலக்கப் புதிய அட்டை. பழையது எழுத்து மங்கிப்போனதால் மாற்றி எடுத்திருந்தோம். கணக்கெடுப்பில் பழைய பிரதியைப் பார்த்துப் பதிந்துவிட்டார்கள்.

"இரண்டும் பொருந்தவில்லையே மகள்" என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார் வங்கி உத்தியோகத்தர். நான் ஒரு தாளில் இரண்டு இலக்கங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினேன். பழையதில் முதலில் நின்ற 58, புதியதில் 1958 ஆகிறது. பிறந்த நாளைக் குறிக்கும் அடுத்த மூன்று எண்கள் மாறுவதில்லை. அதன் பின் ஒரு பூச்சியம் சேர்கிறது, மிச்ச நான்கு எண்களும் அப்படியே வருகின்றன, 'வீ' போய்விடுகிறது. அவர் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆனாலும் எழுத்தில் வேண்டும் என்றார்.

மீண்டும் பிரதேச செயலகம். மேசை முழுக்க மேன்முறையீட்டு மனுக்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மேன்முறையீடு முடிந்த பிறகு வாருங்கள் என்று அனுப்பப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. இது மேன்முறையீடே அல்ல, இரண்டு இலக்கமும் ஒருவருக்கே உரியவை என்ற உறுதிக் கடிதம் மட்டும் போதும் என்று விளங்கப்படுத்தினேன். கிராம உத்தியோகத்தர் எழுதிக் கொடுத்ததில் செயலகத்தின் ஒப்பமும் முத்திரையும் விழுந்தன. கணக்குத் திறந்தது. ஜூலையிலிருந்து சேரவேண்டிய பணம் பின்னர் மொத்தமாக வந்தது.

உங்களுக்கும் இதே சிக்கல் என்றால் முதலில் வங்கிக்குப் போகாதீர்கள். கடிதம் கைக்கு வந்த உடனேயே இலக்கம், பெயர், முதலெழுத்து எல்லாவற்றையும் அடையாள அட்டையோடு ஒத்துப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே நின்று திருத்தக் கேளுங்கள். பழைய அட்டையின் பிரதி வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.

பணம் நேராக அம்மாவின் கணக்கில் விழுவது நல்ல ஏற்பாடு. நடுவில் எவரும் கைவைக்க முடியாது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் அம்மா கைநாட்டு வைப்பவர். கைநாட்டுக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை தர முடியாது என்று எங்கள் வங்கியில் சொல்லிவிட்டார்கள். முழங்கால் வலியோடு பஸ் ஏறி, வரிசையில் நின்று, அவரே பெருவிரலைப் பதித்தால்தான் பணம். அஸ்வெசுமவுக்கு முன்பிருந்த சமுர்த்தி உதவித் திட்டக் காலத்தில் நடந்துபோகும் தூரத்தில் வங்கி இருந்தது. இப்போது பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் அந்த உதவிப் பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஏழைக்கென்று கொடுக்கும் பணத்தை எடுக்கவே ஏழை செலவழிக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மாதத்தில் ஒரு நாளாவது ஊருக்கு வந்து பணம் கொடுங்கள் என்று வங்கி முகாமையாளருக்கு எழுதி, ஊரிலுள்ள முதியவர்களின் பெருவிரல் அடையாளங்களையும் வாங்கிச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.