எக்ஸ்ரேயில் தெரியாத இடுப்பு வலி

என் மகனுக்கு 15 வயது, வலக்கை வேகப்பந்து வீச்சாளன். கீழ்முதுகில் இடப்பக்கம் மட்டும் வலி. ஓய்வெடுத்தால் அடங்கும், பந்து வீசினால் திரும்ப வந்துவிடும். முதலில் பார்த்த இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, தசைப்பிடிப்புதான் என்று மாத்திரை கொடுத்தார்கள். வலி விடவில்லை. அப்புறம் ஒரு விளையாட்டு மருத்துவரிடம் போனோம்.

அவர் படத்தைப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, அவனிடமே கேள்வி கேட்க ஆரம்பித்தார். குனிந்தால் வலிக்கிறதா, பின்னால் வளைந்தாலா? இருமும்போது காலுக்கு இறங்குகிறதா? இறங்கினால் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருக்கலாம். காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் இறுக்கமாக இருந்து, நடமாடியதும் தளர்ந்தால் முதுகெலும்பு மூட்டழற்சியை யோசிக்க வேண்டும். இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைதல், கால் மரத்துப்போதல், சிறுநீர் கழிப்பதில் சிக்கல் இருந்தால் காத்திருக்கவே கூடாது என்றார். அவனுக்கு இவை எதுவும் இல்லை.

பிறகு இடது காலில் மட்டும் நிற்கவைத்துப் பின்னால் வளையச் சொன்னார். முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, வலிக்கிற இடத்தை ஒரே விரலால காட்டு" என்றார். முதுகெலும்பை ஒட்டி, இடப்பக்கம் சரியாக ஒரு புள்ளியைத் தொட்டான். வலக்கையால் வீசுகிறவர்களுக்கு எதிர்ப்பக்கம்தான் பெரும்பாலும் அடிவாங்குமாம். ஆனாலும் இந்தச் சோதனையை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது என்று எம்ஆர்ஐ எழுதினார்.

எம்ஆர்ஐயில் பார்த்தால், ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் பின்பகுதியில், பார்ஸ் என்ற ஒடுங்கிய இடத்தில், எலும்புக்குள் நீர் கோத்திருந்தது. அழுத்த முறிவின், அதாவது திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டு எலும்பில் விழும் விரிசலின் ஆரம்பம். இந்தக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சிடி ஸ்கேன் விரிசலைத் தெளிவாகக் காட்டும், ஆனால் கதிர்வீச்சு அதிகம் என்பதால் அதைத் தவிர்த்தார். 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகு வலியோடு வந்த 100 வளரிளம் பருவ விளையாட்டு வீரர்களில் 47 பேருக்கு இதே பார்ஸ் பாதிப்பு இருந்தது. 100 பெரியவர்களில் 5 பேருக்குத்தான். பெரியவர்களுக்குச் சொல்லும் காரணத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லி அனுப்புவது எனக்கு ஏற்கவே முடியவில்லை. விளையாடுகிற பிள்ளைக்குப் பின்னால் வளையும்போது வலித்து, சில வாரமாகியும் போகவில்லை என்றால் எம்ஆர்ஐ வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, வாரத்துக்கு எத்தனை பந்து வீசுகிறான் என்று கேட்டார். பள்ளி அணி, கிளப் அணி இரண்டிலும் ஆடுகிறான். இரண்டையும் கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. இப்போது பந்துவீச்சுக்கு முழு ஓய்வு. பிசியோவிடம் வயிறு, இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி நடக்கிறது. பந்தைத் தொட இன்னும் சில மாதம் ஆகும்.