சான்றை விசாரிக்கக் கற்ற வரலாறு

மேற்கத்திய வரலாற்றியல் எப்படி வளர்ந்தது என்று சொல்லும் பாடநூல்கள் பெரும்பாலும் தத்துவங்களின் ஊர்வலமாக இருக்கும். கிரேக்கர், திருச்சபை, அறிவொளிக் காலம், ராங்கே, மார்க்ஸ், அனால் பள்ளி, பின்நவீனம் என்று பெயர்கள் வரிசையாக வந்துபோகும். தேர்வுக்கு அது போதும். வரலாற்றாசிரியர் மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலை எப்படி மாறியது என்பது மட்டும் அதில் தெரியாது. ஒரு சான்றிடம் என்ன கேட்பது, அது சொல்லும் பதிலை எதைக் கொண்டு சரிபார்ப்பது? என் பார்வையில் முக்கியமான மாற்றம் நடந்தது இங்கேதான்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கேட்டதை எழுதினார். சொல்லப்படுவதைச் சொல்வது தன் கடமை, அதையெல்லாம் நம்புவது கடமையில்லை என்று ஏழாம் நூலில் அவரே கைகழுவிக்கொள்கிறார். அதே நூலில், கிரேக்கத்தின் மீது படையெடுத்த பாரசீக மன்னன் செர்க்சஸ் தன் படையை எண்ணிய விதமும் வருகிறது. பத்தாயிரம் பேரை நெருக்கி நிற்கவைத்துச் சுற்றிக் கோடு போட்டார்கள். கோட்டின் மேல் இடுப்பளவு சுவர் எழுப்பி, அதற்குள் ஆட்களை நிரப்பி நிரப்பி வெளியேற்றினார்கள். காலாட்படை மட்டும் 17,00,000. கடற்படை, பணியாட்கள் உட்பட மொத்தம் 52,83,220. கடைசி இருபது பேர் வரை கணக்கு இருப்பதுதான் இந்த எண்ணின் கவர்ச்சி.

1900இல் ஜெர்மானியப் போர் வரலாற்றாசிரியர் ஹன்ஸ் டெல்ப்ரூக் இதைச் சாலையில் நிறுத்திப் பார்த்தார். ஜெர்மானியப் படை விதிகளின்படி 30,000 பேர் கொண்ட ஒரு பிரிவு நடந்தால், சாமான் வண்டிகள் இல்லாமலே சுமார் 3 ஜெர்மன் மைல், அதாவது 22 கிலோமீட்டர் நீளும். ஹெரோடோட்டஸின் தரைப்படையும் பரிவாரமும் சேர்ந்து 42 லட்சம் என்று கொண்டால் அணிவகுப்பு 420 ஜெர்மன் மைல், 3,000 கிலோமீட்டருக்கு மேல். முதல் வரிசை கிரேக்கத்தின் தெர்மோபைலிக் கணவாயை எட்டும்போது கடைசி வரிசை அப்போதுதான் பாரசீகத் தலைநகர் சூசாவை விட்டுக் கிளம்பியிருக்கும். எழுதியவர் நேர்மையானவரா என்ற கேள்வியே இங்கே எழவில்லை. சொன்னது நடக்கக்கூடியதா என்று கேட்டதும் எண் தானாக உதிர்ந்துவிட்டது.

ஹெரோடோட்டஸுக்கு அடுத்து வந்த கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. அவர் நூலில் வரும் சொற்பொழிவுகளை மேற்கோளாக எடுத்தாளக் கூடாது. உண்மையில் பேசப்பட்டதன் பொதுக்கருத்தை ஒட்டி, அந்தச் சூழலுக்கு ஏற்றதாகத் தனக்குத் தோன்றியதை எழுதியதாக அவரே முதல் நூலில் சொல்லியிருக்கிறார். ஏதென்ஸ் தலைவர் பெரிக்கிளிசின் புகழ்பெற்ற உரையும் இதில் அடக்கம்.

இடைக்கால ஆசிரியர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் சோம்பேறித்தனம். கிறிஸ்து ஆண்டுக் கணக்கை வரலாற்றெழுத்தில் ஊன்றியவர் 731இல் தன் நூலை முடித்த பீட் என்ற துறவிதான். அவருக்குப் பின்னும் காலக்கணக்கு ஒரே சீராகிவிடவில்லை. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. அதனால் முதலாம் சார்லஸ் மன்னனின் தலை துண்டிக்கப்பட்ட நாள் அக்கால ஆவணங்களில் 1648 ஜனவரி 30. நமக்கு அது 1649. ஆவணத்தில் கண்ட ஆண்டை அப்படியே எடுத்து எழுதுகிறவர் ஓராண்டு பிசகுவார்.

திருப்பம் 1440இல் வருகிறது. கான்ஸ்டன்டைன் பேரரசர் மேற்கு ரோமப் பேரரசையே போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது. இத்தாலிய மொழியறிஞர் லொரென்சோ வல்லா அதன் மொழியைப் பிடித்தார். நான்காம் நூற்றாண்டு ரோமானிய ஆவணத்தில் 'சத்ரப்' என்ற பாரசீக அதிகாரிகள் எங்கிருந்து வந்தார்கள்? இன்னும் உருவாகாத கான்ஸ்டான்டிநோப்பிள் நகரின் பெயர் எப்படி நுழைந்தது? சாசனம் எட்டாம் நூற்றாண்டுவாக்கில் புனையப்பட்டது என்பது இன்றைய முடிவு. அப்போது வல்லாவை ஆதரித்தவர் போப்போடு சண்டையில் இருந்த அல்ஃபோன்சோ மன்னர். நோக்கம் சுத்தமில்லை, வாதம் சுத்தம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வரலாற்றியல் கைவந்துவிடும்.

இதை முறையாக்கியவர் பிரெஞ்சுத் துறவி மபியோன். பழைய மடாலயப் பட்டயங்களில் பெரும்பாலானவை போலி என்று டேனியல் பாப்பன்புரோக் 1675இல் எழுதியதற்கு மறுப்பாக 1681இல் அவர் நூல் வந்தது. தோல், மை, எழுத்து வடிவம், முத்திரை, தொடக்க வாசகம், தேதி போடும் பாணி, சாட்சிகள் என்று ஒவ்வொன்றையும் அதே காலத்து ஐயமற்ற பட்டயங்களோடு ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு முரணை வைத்துத் தள்ளிவிடக் கூடாது, ஒரே ஒரு பொருத்தத்தை வைத்து ஏற்கவும் கூடாது. எல்லாம் சேர்ந்து என்ன சொல்கிறது என்பதே கணக்கு. பாப்பன்புரோக் தோல்வியை மனமார ஒப்புக்கொண்டார். அறிஞர்களிடையே இது அடிக்கடி நடப்பதில்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு: உண்மையிலேயே தங்களுக்குச் சொந்தமான நிலத்தின் மூல ஆவணம் தொலைந்துபோனதால் பிற்காலத்தில் போலி செய்த மடங்கள் இருந்தன. தாள் பொய், உரிமை மெய்.

19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ராங்கேயை 'உள்ளது உள்ளபடி' என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடுவார்கள். 1824இல் வந்த அவரது முதல் நூலின் பின்னிணைப்பில்தான் சரக்கு இருக்கிறது. இத்தாலியப் போர்களுக்கு முதன்மைச் சான்றாக மதிக்கப்பட்ட இத்தாலிய வரலாற்றாசிரியர் க்விச்சார்தீனி, பல இடங்களில் மற்றவர்கள் நூல்களிலிருந்து எடுத்து எழுதியவர் என்று அதில் காட்டினார். ஒருவரைப் பார்த்து நூறு பேர் எழுதினாலும் சாட்சி ஒருவர்தான். இதே தர்க்கத்தைக் கையெழுத்துப் படிகளில் செலுத்தியவர் ஜெர்மானிய மொழியறிஞர் கார்ல் லாக்மன். இரண்டு படிகள் சரியான வாசகத்தில் ஒத்துப்போவது எதையும் நிறுவாது. ஒரே பிழையில் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. படியெடுத்தவர் இரண்டு மூலங்களை மாறிமாறிப் பார்த்து எழுதியிருந்தால் இந்த முறை குழம்பிவிடும்.

ராங்கேயின் குறை அவரது ஆவணங்களிலேயே இருந்தது. வெனிஸ் தூதர்களின் அறிக்கைகளை வாசித்தால் அரண்மனை தெரியும், வயல் தெரியாது. 1929இல் மார்க் பிளாக்கும் லூசியன் ஃபெவ்ரும் தொடங்கிய அனால் இதழைச் சுற்றி உருவானவர்கள், எதையும் சொல்லும் நோக்கமில்லாத சான்றுகளைத் தேடினார்கள். பிளாக், 18ஆம் நூற்றாண்டு நிலவரைபடங்களில் இருந்த வயல்களின் வடிவத்திலிருந்து பின்னோக்கி நடந்து, இடைக்கால உழவுமுறையை மீட்டார். மக்கள்தொகை ஆய்வாளர் லூயி ஆன்ரி தேவாலயப் பதிவேடுகளின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி, பெயரால் கோத்துக் குடும்பங்களை உருவாக்கினார். நார்மண்டியின் க்ருலே ஊர் பற்றிய ஆய்வு 1958இல் வந்தது. ஊரைவிட்டுப் போனவர்கள் இந்த வலையில் சிக்கமாட்டார்கள். ஆகவே முடிவு தங்கியவர்களைப் பற்றியது மட்டுமே.

எண் வந்ததும் எண்ணின் மயக்கமும் திரும்பியது. அமெரிக்க அடிமைமுறை பற்றி 1974இல் எழுதிய ஃபோகலும் எங்கர்மனும், லூசியானாத் தோட்ட முதலாளி ஒருவரின் குறிப்பேட்டிலிருந்து ஆளுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.7 கசையடித் தண்டனை என்று கணக்கிட்டார்கள். மறு ஆண்டே ஹெர்பர்ட் கட்மன் அதே பதிவைத் திருப்பிப் போட்டார்: அந்தத் தோட்டத்தில் ஏறத்தாழ நாலரை நாளுக்கு ஒருவர் அடிபட்டிருக்கிறார். அடி வாங்குகிறவனுக்கு மட்டுமா பாடம், பார்க்கிறவனுக்கும்தானே. தலைக்கணக்குச் சராசரி அதை மறைத்துவிட்டது.

கார்லோ கின்ஸ்பர்க் 1976இல் எதிர்த்திசையில் போனார். ஒரே ஒரு மனிதன். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் மதவிசாரணை மன்றம் விசாரித்துக் கொன்ற ஃப்ரியூலிப் பகுதி மாவரைப்பாளி மெனோக்கியோ. விசாரணைப் பதிவு விசாரித்தவரின் கையிலிருந்து வருவது. ஆகவே நீதிபதி எதிர்பார்க்காத பதில் வந்து அவரே தடுமாறும் இடங்களை கின்ஸ்பர்க் தேடினார். அங்கேதான் குடியானவனின் சொந்தக் குரல் கசிகிறது.

1973இல் ஹேடன் வொயிட், வரலாறும் கதைப்பின்னலால் ஆனதே என்றார். அந்த விவாதம் கருத்தரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தபோது, லண்டன் நீதிமன்றத்தில் வேறொன்று நடந்தது. டேவிட் இர்விங் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், தம்மை யூத இனப்படுகொலை மறுப்பாளர் என்று எழுதியதற்காக வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது அவதூறு வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு நிபுணராக வந்த ரிச்சர்ட் எவன்ஸ், இர்விங்கின் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு மூல ஆவணங்கள் வரை போய் ஒப்பிட்டார். 700 பக்கங்களுக்கு மேல் அறிக்கை; 2000 ஏப்ரலில் இர்விங் தோற்றார். வழக்கில் அலசப்பட்டவற்றில், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரின் மீது நடந்த குண்டுவீச்சும் ஒன்று. இறந்தோர் 2,02,040, இறுதி எண் 2,50,000 ஆகலாம் என்று சொல்லும் ஒரு தாள் படியாக உலவியது; இர்விங் அதைப் பயன்படுத்தியிருந்தார். பின்னால் கிடைத்த உண்மையான அறிக்கைகளில் அந்த எண்கள் 20,204, 25,000. யாரோ கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்த்திருந்தார்கள். கல்லறைப் பதிவுகளையும் நகரப் பதிவேடுகளையும் ஆராய்ந்த வரலாற்றாசிரியர் குழு, 2010இல் இறந்தோர் அதிகபட்சம் 25,000 என்று அறிவித்தது.