உண்ட வீடும் இரண்டகமும்: ‘கிரான் ஓட்டெல்’ நாட்குறிப்பு

12.11.2024

ஸ்பெயினின் அன்டெனா 3 தொலைக்காட்சி 2011 அக்டோபர் 4 முதல் 2013 ஜூன் 25 வரை ஒளிபரப்பிய ‘கிரான் ஓட்டெல்’ தொடரை இன்று பார்க்கத் தொடங்கினேன். கதை 1905-ஆம் ஆண்டில், கான்டலோவா என்னும் கற்பனை ஊரில், அலார்கோன் குடும்பத்துக்குச் சொந்தமான ஓர் ஆடம்பர ஹோட்டலில் நடக்கிறது. அங்கே வேலை பார்த்த தன் சகோதரி கிறிஸ்டினாவைத் தேடி ரயிலேறி வரும் ஹூலியோ, திருட்டுப் பட்டம் சுமத்தி அவளை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, அதை நம்ப மறுத்து, சர்வர் வேடத்தில் உள்ளே நுழைகிறான். முதலாளியம்மாள் தோன்யா தெரேசாவின் இளைய மகள் அலிசியாவோ, ஹோட்டல் மேலாளர் தியேகோவுக்கு நிச்சயிக்கப்பட்டவள். காதலும் துரோகமும் எந்தத் திசையிலிருந்து வரப்போகின்றன என்பதை முதல் பகுதியே சொல்லிவிடுகிறது. அதை மறைக்க முயலாததே எனக்குப் பிடித்திருந்தது.

15.11.2024

ஹூலியோவின் உண்மையான வேடம் அந்தச் சீருடை அன்று, அவன் கையிலிருக்கும் தட்டு. தட்டை ஏந்திய ஒருவனை எந்தக் கதவும் தடுப்பதில்லை, எந்த விருந்தினரும் அவன் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. வேறு வேடமிட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருப்பான். அலிசியாவின் அறைக்கு அவன் போவதற்கும், மேலாளரின் அறையருகே நின்று ஒட்டுக்கேட்பதற்கும், நள்ளிரவில் தாழ்வாரத்தில் நடமாடுவதற்கும் ‘யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே காரணம் போதுமானதாக இருக்கிறது. இந்தத் தொடரில் உணவு என்பது பசிக்கானதாக இல்லாமல் நுழைவுச்சீட்டாகவே இருக்கிறது என்று தோன்றியது.

ஆனால் அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று கேமரா பெரும்பாலும் காட்டுவதே இல்லை. இவ்வளவு பெரிய சமையலறையைக் கட்டி வைத்துவிட்டு, ஒரு குழம்பு கொதிப்பதைக்கூடப் பொறுமையாகக் காட்டாதது எனக்குச் சற்று ஏமாற்றமே.

19.11.2024

‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே’ என்பது வேலைக்காரர்களையும் விருந்தாளிகளையும் நோக்கியே எப்போதும் சொல்லப்படுகிறது. உணவளித்தவன் துரோகம் செய்வதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. இந்தத் தொடரில் இரண்டகம் பெரும்பாலும் மேலிருந்து கீழேதான் பாய்கிறது. பணிப்பெண் பெலேன் தியேகோவால் கருவுறுகிறாள். கருவை இழந்துவிட்ட மூத்த மகள் சோஃபியாவுக்கு வாரிசு வேண்டும் என்பதற்காக, பெலேனுக்குப் பிறக்கும் குழந்தையைத் தெரேசா இரகசியமாக விலைபேசுகிறாள். கீழ்த்தளத்தில் சமைத்ததை மேலே அனுப்புவதைப் போலவே குழந்தையும் மேலே அனுப்பப்படுகிறது என்று எழுதும்போது கை கூசுகிறது. ஆயினும் காட்சியின் அமைப்பு அப்படித்தான் இருக்கிறது. (தொடரை இனிமேல் பார்க்க எண்ணியிருப்பவர்கள் இந்தப் பத்தியை மன்னிக்க வேண்டும். இனி எழுதப்போவதிலும் கதை வெளிப்படும்.)

23.11.2024

நிஜ வாழ்வில் ஹோட்டல் துரோகங்கள் எப்படி இருந்தன என்று இன்று தேடிப் படித்தேன். தொடரின் காலத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1898 மார்ச்சில், லண்டன் சவாய் ஹோட்டல் நிர்வாகம் தன் மேலாளர் செசார் ரிட்ஸையும் தலைமைச் சமையற்காரர் ஆகஸ்ட் எஸ்கோஃபியேயையும் ஒருசேர வெளியேற்றியது. மது இருப்பில் 3,400 பவுண்டுக்கும் மேல் கணக்கில் வரவில்லை என்பது ஒரு குற்றச்சாட்டு. சரக்கு கொடுத்த வியாபாரிகளிடமிருந்து தரகு பெற்றதை 1900-இல் எஸ்கோஃபியே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டார். அந்த வாக்குமூலம் பல பத்தாண்டுகள் வெளியே வராமலே கிடந்தது. இடையில் அவர் 1903-இல் வெளியிட்ட சமையல் நூலோ தொழில்முறைச் சமையலறைகளுக்கு வேதமாகிவிட்டது.

கத்தியும் விஷமும் இல்லாமல், கொள்முதல் ரசீதிலேயே நடந்த துரோகம் இது. கான்டலோவா ஹோட்டலில் கடிதங்கள் களவாடப்படுகின்றன, உயில்கள் மறைக்கப்படுகின்றன, தங்கக் கத்தியால் கொல்லும் ஒருவன் ஊரையே நடுங்க வைக்கிறான். ஆனால் மளிகைக் கணக்கை யாரும் புரட்டுவதில்லை. கதை எழுதியவர்களின் மேசையில் நான் இருந்திருந்தால், தியேகோவின் முதல் திருட்டை இறைச்சிக்காரரின் பில்லில்தான் வைத்திருப்பேன்.

27.11.2024

வெளிப்புறக் காட்சிகளில் ஹோட்டலாக வருவது சான்டன்டேர் நகரின் மக்தலேனா அரண்மனை. நகர மக்கள் நிதி திரட்டி மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவுக்குக் கோடைக்கால மாளிகையாகக் கட்டிக்கொடுத்தது அது. கதை நடக்கும் 1905-இல் அந்தக் கட்டடமே எழும்பியிருக்கவில்லை. ஆனால் இந்தக் காலப்பிழை என்னைச் சிறிதும் உறுத்தவில்லை. என்னை யோசிக்க வைத்தது வேறு. 1906 மே 31 அன்று மத்ரித்தில் நடந்த அந்த மன்னரின் திருமணத்துக்கு வந்த அரச விருந்தினரைத் தங்கவைக்கத் தக்க ஹோட்டல் தலைநகரிலேயே இல்லை என்ற குறையால்தான் 1910-இல் அங்கே ரிட்ஸ் ஹோட்டல் திறக்கப்பட்டது. அப்படியிருக்க, அந்தத் திருமணத்துக்கும் முந்தைய 1905-இல் ஒரு சிற்றூரில் இத்தனை பகட்டான ஹோட்டல் இருந்ததாகத் தொடர் சொல்வது பெரிய கற்பனைதான். அலார்கோன் குடும்பத்தாரின் கர்வத்துக்கும், அந்தச் சொத்தை விட்டுக்கொடுக்க மறுக்கும் வெறிக்கும் அந்தக் கற்பனையே நியாயம் தருகிறது.

02.12.2024

தலைமைப் பணிப்பெண் தோன்யா ஆன்ஹெலாவாக நடித்த கோன்சா வெலாஸ்கோ மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. தற்செயலாக, அவருடைய மிகச் சிறந்த காட்சிகளை நேற்றுத்தான் பார்த்து முடித்தேன். தொடரில் ஆன்ஹெலாவின் மகன் ஆந்த்ரேஸ் அதே ஹோட்டலில் சர்வர். மறைந்த முதலாளி தோன் கார்லோஸே அவனுடைய தந்தை. தனக்குப் பங்குள்ள வீட்டில் தன் உடன்பிறந்தவர்களுக்கே அவன் பரிமாறுவதை, இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு தாய் வருடக்கணக்காக நின்று பார்க்கிறாள். ஆந்த்ரேஸ் ஒரு கரண்டியைத் தவறாக வைத்தால் மற்றவர்களைவிட அவனையே கடுமையாகக் கண்டிப்பாள் போல் நிற்கும் அந்த விறைப்பு, இரகசியத்தைக் காக்கும் விறைப்பு என்பது பிறகுதான் விளங்குகிறது. அலிசியா–ஹூலியோ காதலை நான் இரசித்தேன். ஆனால் நினைவில் தங்கப்போவது ஆன்ஹெலாவும் தெரேசாவும் நேருக்கு நேர் நிற்கும் காட்சிகளே. ஒரே ஆணால் வஞ்சிக்கப்பட்ட இரண்டு பெண்கள், ஒருத்தி சம்பளம் கொடுப்பவளாகவும் மற்றவள் வாங்குபவளாகவும், அன்றைய விருந்து ஏற்பாடுகளைப் பற்றி மிக மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள்.

08.12.2024

முடித்துவிட்டேன். பிற்பகுதியில் சதிமேல் சதியாக அடுக்கியது அலுப்பூட்டியது. இறந்தவர் திரும்பி வருவதும், பெயர் மாற்றி வாழ்ந்தவர் அம்பலமாவதும் ஓர் அளவுக்கு மேல் அதிர்ச்சி தருவதில்லை. தியேகோ என்ற பெயரே அவன் வேறொருவரிடமிருந்து திருடியது என்ற திருப்பம் மட்டும் பொருத்தமாக இருந்தது. ஹூலியோ சர்வராக நடித்ததற்கு நேர் எதிரே, அவன் கனவானாக நடித்திருக்கிறான். முன்னவன் தட்டைத் தூக்கி உள்ளே வந்தான், பின்னவன் தனக்குப் பரிமாறச் சொல்லி உள்ளே வந்தான்.

இதே கதையை இத்தாலியர்கள் 2015-இலும், மெக்சிகோவினர் 2016-இலும், அமெரிக்கர்கள் 2019-இல் மயாமி பீச்சுக்கு இடம்பெயர்த்தும் மறுபடி எடுத்திருக்கிறார்கள். எகிப்தியப் பதிப்பு 2016 ரமலான் மாதத்தில், அஸ்வானின் நைல் கரை ஹோட்டலைக் களமாகக் கொண்டு ஒளிபரப்பானது. நாள் முழுவதும் நோன்பிருந்து, மாலையில் உண்டு முடித்த குடும்பங்கள் கூடியமர்ந்து பார்க்கும் பருவத்துத் தொடர் அது. அதையே அடுத்துப் பார்ப்பதாக இருக்கிறேன். அவர்களாவது அடுப்புக்குப் பக்கத்தில் கேமராவைக் கொஞ்ச நேரம் நிறுத்தியிருக்கிறார்களா என்று தெரிய வேண்டும்.