ஒலியை அணைத்துவிட்டு நாகேஷைப் பார்ப்பது: இதுவரை

இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்ட வேலை இது. நாகேஷ் நடித்த படங்களை வெளிவந்த வரிசையிலேயே பார்ப்பது. அவர் வரும் முக்கியமான காட்சிகளை முதலில் சத்தமே இல்லாமல் பார்த்துவிட்டு, அப்புறம் சத்தத்தோடு இன்னொரு முறை பார்ப்பது. எல்லாப் படங்களும் ஒரு ஆயுளில் முடிகிற கணக்கில்லை. அதனால் 1959 முதல் 2008 வரை, அவருக்கு வேலை இருந்த படங்களாகப் பொறுக்கி ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். கடைசிவரை ஒரு சுற்று வந்தாகிவிட்டது. நடுவில் ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றை இனிதான் அடைக்க வேண்டும்.

ஏன் சத்தம் இல்லாமல்? அவர் வசனங்கள் நமக்கு மனப்பாடம். 'திருவிளையாடல்' படத்தில் ஏழைப் புலவர் தருமியாக வரும் அவரைப் பார்க்கும்போது நம் காது அடுத்த வரிக்குக் காத்திருக்கிறது, கண் சும்மா இருக்கிறது. சத்தத்தை நிறுத்தியதும் கண் வேலை செய்யத் தொடங்குகிறது. அந்த ஒல்லி உடம்பு, நீளக் கைகள், அம்மைத் தழும்பு விழுந்த முகம் எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன.

செய்முறை எளிமைதான். கணினியில் படத்தை ஓட்டி, வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைக்கிறேன். பக்கத்தில் கோடு போடாத நோட்டு. அவர் உடம்பு நிலை மாறும் இடங்களில் நிறுத்தி, குச்சி மனிதன் மாதிரி நாலு கோட்டில் வரைந்துகொள்கிறேன்: முதுகு எந்தப் பக்கம் வளைகிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது, கை எங்கே. ஓவியம் வரத் தேவையில்லை.

இதில் பெரிய சிக்கல் பிரிண்ட். பழைய படங்களின் சட்டம் (ஃப்ரேம்) கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும். இணையத்தில் ஏற்றுபவர்கள் பலர் அகலத்திரையை நிரப்புவதற்காக மேலேயும் கீழேயும் வெட்டிவிடுகிறார்கள். மற்ற நடிகர்களுக்கு இதனால் தலைமுடிதான் போகும். நாகேஷுக்குக் கால் போய்விடுகிறது, கால் போனால் பாதி நடிப்பு போச்சு. யாராவது இதைச் செய்து பார்க்க நினைத்தால், படத்தின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிகிற பிரதியாகத் தேடுங்கள். தெளிவு குறைந்தாலும் பரவாயில்லை, முழுச் சட்டம் முக்கியம்.

தாராபுரத்தில் 1933இல் பிறந்தவர். வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம், வீட்டுப் பெயர் குண்டு ராவ். சென்னைக்கு வந்து ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே நாடகங்களில் நடித்தார். அப்போது கூடவே சிரமப்பட்ட நண்பர் கவிஞர் வாலி. ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகக் கொஞ்ச நேரமே வந்து போன நாகேஷை, தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டியது பலருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதில் பிடித்தது அந்த வேடம். வயிற்றுவலிக்காரனுக்குப் பேச என்ன இருக்கிறது? உடம்பைச் சுருட்டி நெளிப்பதுதான் வேலை. ஆரம்பமே உடம்பிலிருந்துதான்.

முதல் படம் 1959இல் முக்தா சீனிவாசன் இயக்கிய 'தாமரைக்குளம்'. அதில் சின்ன வேடம், அதிகம் எழுத ஒன்றுமில்லை. 1962இல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்தபோதுதான் நோட்டில் படங்கள் நிறைய ஆரம்பித்தன. படம் முழுக்க ஆஸ்பத்திரி. கதையோ கனமானது: கல்யாண்குமார், தேவிகா, முத்துராமன் மூன்று பேரும் துக்கத்தில் நிற்கிறார்கள். அங்கே பணியாளாக வரும் நாகேஷ் அந்தத் துக்கத்தைக் கலைக்காமல் ஓரமாகவே நுழைந்து ஓரமாகவே வெளியேறுகிறார். அடுத்தவர் காட்சியில் எங்கே நிற்க வேண்டும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

அடுத்தது 1964, 'காதலிக்க நேரமில்லை'. இதிலேயே ரொம்ப நாள் தங்கிவிட்டேன். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தன் அப்பா விஸ்வநாதனுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி. டி.எஸ். பாலையாதான் அப்பா. இதை எத்தனையோ முறை பார்த்துச் சிரித்திருக்கிறோம். நாகேஷ் வாயாலேயே போடும் சத்தங்கள்தான் அதன் உயிர் என்று எல்லாரையும் போல நானும் நினைத்திருந்தேன். சத்தத்தை நிறுத்தினேன். காட்சி கொஞ்சம்கூடச் சாகவில்லை. பாலையாவின் முகத்தில் பயம் ஏறிக்கொண்டே போவதை மட்டும் பார்த்தாலே சிரிப்பு வருகிறது. அப்போது நாகேஷ் என்ன செய்கிறார் என்று பாதி வேகத்தில் கவனித்தேன். ஒவ்வொரு அசைவையும் முடித்துவிட்டு ஒரு கணம் அப்படியே நிற்கிறார். அந்தக் கணத்தில் பார்க்கிறவன் கண் தானாகப் பாலையாவிடம் போகிறது. பாலையா பயந்து முடித்ததும் இவர் அடுத்த அசைவைத் தொடங்குகிறார்.

நாகேஷ் என்றாலே வேகம் என்பார்கள். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. வேகமாக ஆடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. சட்டென்று நிற்கத் தெரிந்தவர் இவர். அந்த நிற்றல்தான் எதிரே இருப்பவருக்குச் சிரிப்பைக் கைமாற்றிக் கொடுக்கிறது. இதற்குப் பிறகு எந்தப் படத்தைப் போட்டாலும், அவர் எங்கே நிற்கிறார் என்றுதான் தேடினேன்.

அதே 1964இல் 'சர்வர் சுந்தரம்'. கே. பாலசந்தர் எழுதிய கதை, கிருஷ்ணன் பஞ்சு இயக்கம், ஏவி.எம். தயாரிப்பு. ஓட்டல் சர்வராக அவர் பாத்திர அடுக்கைக் கையில் ஏந்திக்கொண்டு போகும் இடங்களை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். மேலே ஆடுகிற ஆட்டத்துக்கும் கீழே பாதம் வைக்கும் விதத்துக்கும் சம்பந்தமே இல்லை. இடுப்புக்கு மேலே எல்லாம் சரியப் போகிறது. பாதம் மட்டும் அளந்து அளந்து விழுகிறது. வெட்டிய பிரிண்டில் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ராதாவாக வரும் கே.ஆர். விஜயா தன்னை விரும்பவில்லை, நண்பன் முத்துராமனைத்தான் விரும்புகிறாள் என்று தெரிய வரும் இடத்தில் அந்தப் பாதங்கள் முதல்முறையாகத் தடுமாறுகின்றன. இவ்வளவு நேரம் பாத்திரத்தோடு ஓடியவன் வெறுங்கையோடு நிற்கத் தெரியாமல் நிற்கிறான். எஸ்.என். லட்சுமி நடித்த அம்மா வேடத்தையும் இதே மாதிரி சத்தமில்லாமல் பாருங்கள். அவர் கை இவர் தலையைத் தேடும் விதம் ஒன்றே போதும்.

1965இல் பாலசந்தரின் முதல் இயக்கம் 'நீர்க்குமிழி'. நாகேஷ்தான் நாயகன். மூன்று வருஷம் முன்னால் ஆஸ்பத்திரியில் பணியாளாக ஓரமாய் நின்றவர், இதில் நோயாளி சேதுவாக வார்டின் நடுவில் இருக்கிறார். வரிசையாகப் பார்ப்பதில் இந்த மாதிரி சந்தோஷங்கள் கிடைக்கின்றன.

அதே ஆண்டு ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்'. தருமி காட்சியைச் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தபோது அம்மா அந்தப் பக்கம் வந்தார். நின்று பார்த்தார். உதட்டசைவை வைத்தே வசனத்தைத் தானாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், ஒரு வரி பிசகவில்லை. அறுபதைத் தாண்டியவர். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பேச்சு நாக்கில் இருக்கிறதென்றால், அது அந்த உடம்போடு சேர்ந்துதான் பதிந்திருக்கிறது என்று பட்டது.

கேள்வி பதில் காட்சியில் சிவாஜி நிமிர்ந்து அசையாமல் நிற்கிறார். அவர் மலை மாதிரி நிற்பதால்தான் இவர் சுற்றிச் சுற்றி வர முடிகிறது. ஆனால் நான் அதிகம் வரைந்தது கோவிலில் தருமி தனியாகப் புலம்பும் இடம். ஆயிரம் பொன் என்றதும் தோள் ஏறுகிறது. கிடைக்காது என்று நினைத்ததும் மார்பு உள்ளே போகிறது, வயிறு ஒட்டுகிறது. பசி எடுத்தவன் உடம்பு அது. அந்தக் காட்சியில் நாகேஷ் தன்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார் என்று தெரிந்தும், எதையும் வெட்டக் கூடாது என்று சிவாஜியே சொன்னதாகச் சொல்வார்கள். படத்தைப் பார்க்கும்போது அதை நம்பத்தான் தோன்றுகிறது.

இதோடு சேர்த்து 1968இன் 'தில்லானா மோகனாம்பாள்' சவடால் வைத்தியைப் பார்த்தேன். அதுவும் ஏ.பி. நாகராஜன் படம்தான். தருமியும் வைத்தியும் பணம் உள்ளவனை அண்டிப் பிழைக்கிறவர்கள், இருவருக்கும் முதுகு வளைகிறது. ஆனால் தருமிக்குக் கழுத்தும் சேர்ந்து தொங்குகிறது. வைத்திக்கு முதுகு வளைந்தாலும் கழுத்து நிமிர்ந்து, கண் எதிராளியை அளந்துகொண்டே இருக்கிறது. இரண்டு குச்சி மனிதர்களை அடுத்தடுத்து வரைந்தபோதுதான் இது எனக்குப் பிடிபட்டது. ஏழ்மைக்கும் சூழ்ச்சிக்கும் இடையே அவர் வைத்த வித்தியாசம் ஒரு கழுத்தளவு.

நடுவில் 1966இல் ஜெயகாந்தன் தானே எழுதி இயக்கிய 'யாருக்காக அழுதான்'. லாட்ஜில் வேலை செய்யும் ஜோசப்பாக நாகேஷ். திருட்டுப்பழி விழுந்த ஒருவன் வாய் திறக்காமல் இருப்பதுதான் கதை. மற்ற படங்களில் நாம் சத்தத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. இதில் அவரே நிறுத்திவிட்டார். இந்தப் படத்தைப் பற்றி இன்னும் அதிகம் பேசியிருக்க வேண்டும் தமிழர்கள்.

1968இன் 'எதிர்நீச்சல்' எனக்கு ரொம்பப் பிரியமானது. ஒண்டுக்குடித்தன வீட்டில் மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கும் மாது. எல்லார் வீட்டு வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, முறை வைத்துச் சாப்பிட்டுப் படிக்கிறவன். அந்த மாடிப்படிக்குக் கீழே நிமிர முடியாது. படத்தில் மாது யாராவது கூப்பிட்டால் போதும், வெளியே வந்த பிறகும் உடம்பு கொஞ்சம் குனிந்தே ஓடுகிறது. வீட்டின் கூரை அவன் முதுகில் ஏறிவிட்டது. அந்த வீட்டில் இருமிக்கொண்டே இருக்கும் தாத்தாவின் முகத்தைப் படம் நமக்குக் காட்டுவதே இல்லை, இருமல் மட்டும்தான். சத்தம் இல்லாமல் பார்க்கும்போது அவர் இல்லாமலே போய்விடுகிறார், ஆனாலும் மாதுவின் தலை திரும்புகிற விதத்தில் அவர் இருக்கிறார்.

எழுபதுகளை வேகமாகக் கடந்தேன். நிறைய வேடங்கள், பலவற்றில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. புதிய நகைச்சுவைக்காரர்கள் வந்துவிட்டார்கள். 1981இன் 'தில்லு முல்லு'வில் நாகேஷ் நாகேஷாகவே வருகிறார். அப்போதே அவர் பெயரே ஒரு பாத்திரமாகிவிட்டது.

மறுபடி நோட்டு நிறைந்தது 1989இல், 'அபூர்வ சகோதரர்கள்'. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம். தர்மராஜ் என்ற வில்லன். முப்பது வருஷம் ஓடிய உடம்பை அவர் இதில் ஓட விடவில்லை. மெதுவாகத் திரும்புகிறார், மெதுவாகப் புன்னகைக்கிறார். எந்த நிறுத்தத்தில் சிரிக்க வைத்தாரோ அதே நிறுத்தத்தில் இங்கே பயமுறுத்துகிறார். அடுத்த ஆண்டே 'மைக்கேல் மதன காமராஜ'னில் அவினாசியாகக் கூனிக் குறுகி நடுங்கவும் செய்கிறார்.

அப்புறம் 1994. 'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷ் பிணம். ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் அந்தப் பிணத்தோடு படும் பாடுதான் காட்சி. இதைப் பாதி வேகத்தில் ஓட்டினேன். யார் எந்தப் பக்கம் இழுத்தாலும் உடம்பு அந்தப் பக்கமே போகிறது. தூக்கினால் கனக்கிறது, விட்டால் சரிகிறது. உயிருள்ள உடம்பு விழும்போது தன்னைத் தாங்கிக்கொள்ளப் பார்க்கும், அது இயற்கை. அந்த இயற்கையை அவர் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டார். வீட்டில் தம்பியும் நானும் செய்து பார்த்தோம். என்னை அவன் தோளைப் பிடித்து இழுத்தபோது, எவ்வளவு தளர்ந்திருக்க நினைத்தாலும் கழுத்து தானாக நிமிர்ந்துகொண்டது. அறுபது வயதில் அவர் செய்தது என்ன என்று அப்போது புரிந்தது.

அதே ஆண்டுதான் 'நம்மவர்'. மகளைப் பறிகொடுத்த தந்தை பிரபாகர் ராவ். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்கு இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. தருமிக்கோ மாதுவுக்கோ வந்திருக்க வேண்டியது, முப்பது வருஷம் தாமதம். பத்ம விருது வரவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. மகள் இறந்த பிறகு அவர் பேசுகிற காட்சியில் கைகளைப் பாருங்கள். எப்போதும் ஏதாவது செய்துகொண்டிருந்த கைகளுக்கு அங்கே வேலை இல்லை.

2008இன் 'தசாவதாரம்' வரை வந்து முடித்தேன். அதில் அவருக்கு மனைவியாக வருபவர் கே.ஆர். விஜயா. சர்வர் சுந்தரத்துக்குக் கிடைக்காத ராதா, நாற்பத்து நாலு வருஷம் கழித்து. அடுத்த ஜனவரி 31இல் அவர் காலமானார்.

இனி அடைக்க வேண்டிய ஓட்டைகள்: 'அனுபவி ராஜா அனுபவி'யின் இரட்டை வேடம், மனோரமாவோடு சேர்ந்து நடித்த காட்சிகள் தனியாக, 'அவ்வை சண்முகி'யின் ஜோசப். 'பாமா விஜயம்' போட்டுப் பார்த்தபோது இன்னொரு ஆசையும் வந்துவிட்டது. அதிலும் நாகேஷுக்கு அப்பா பாலையாதான். நாகேஷ் நின்று நின்று வழிவிட்டாரே, அந்த இடத்தையெல்லாம் பாலையா எப்படி எடுத்துக்கொண்டார் என்று இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். 1936இன் 'சதி லீலாவதி'யிலிருந்து பாலையாவைத் தொடங்கப் போகிறேன். 'காதலிக்க நேரமில்லை' கால் வெட்டப்படாத பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் இருப்பதில் முழங்காலுக்குக் கீழே இல்லை.