பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றால் முதலில் போர்ட்டைப் பாருங்கள்

தக்கலையில் உள்ள ஓர் ஆவண எழுத்தர் அலுவலகத்தின் கணினிகளை நான் கவனித்து வருகிறேன். மழைக்காலத்தில் அங்கிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: "மக்கா, பிரிண்டர் செத்துப்போச்சு." போய்ப் பார்த்தால் பிரிண்டர் பச்சை விளக்கோடு நிற்கும், அதன் பொத்தானை அழுத்திச் சோதனைப் பக்கம் கேட்டால் ஒழுங்காக அடித்துத் தரும், விண்டோஸ் மட்டும் 'ஆஃப்லைன்' என்று காட்டிக்கொண்டிருக்கும். உடனே டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது பலரின் வழக்கம். அதனால் சில வேளைகளில் பிரிண்டர் வேலை செய்யத் தொடங்குவதற்குக் காரணம், மறுநிறுவலின்போது புதிய போர்ட் (கணினி பிரிண்டரை அடையும் வழி) உருவாகிவிடுவதுதான். டிரைவர் பெரும்பாலும் நிரபராதி. ஆகவே நான் முதலில் திறப்பது பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் உள்ள 'போர்ட்ஸ்' பகுதியை.

அங்கே 'டபிள்யூஎஸ்டி' என்று இருந்தால், அது விண்டோஸ் தானாகத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்த போர்ட் என்று பொருள். அந்தத் தேடலுக்குப் பதில் வராத நாளில் பிரிண்டரும் காணாமல் போய்விடும். சிறிய அலுவலகங்களில் நான் அதை விட்டுவைப்பதில்லை. பிரிண்டரின் நெட்வொர்க் முகவரியை (ஐபி எண்) கையால் கொடுத்து, அந்த முகவரிக்கே நேராக அனுப்பும் 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி' போர்ட்டாக மாற்றிவிடுவேன்.

அந்த முகவரி நிலையாக இருக்க வேண்டும் என்பது அடுத்த சிக்கல். இரு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், இடியோடு மின்சாரம் போய் வரும்போது ரவுட்டரும் பிரிண்டரும் ஒரே நேரத்தில் எழுகின்றன. ரவுட்டர் தயாராகும் முன்பே முகவரி கேட்டுப் பதில் கிடைக்காத பிரிண்டர், 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். சில ரவுட்டர்கள் பழைய ஒதுக்கீட்டை மறந்து வேறு எண்ணைக் கொடுத்துவிடும். முகவரியைப் பிரிண்டரிலேயே எழுதி வைக்கலாம் என்றாலும், இணைய நிறுவனத்தார் வேறு முகவரி வரம்பில் இயங்கும் ரவுட்டரை மாற்றி வைத்துவிட்டுப் போனால் பிரிண்டர் தனித்துவிடப்படும் என்பதால், ரவுட்டரில் அதன் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரு ஐபி எண்ணை ஒதுக்கி வைப்பதையே விரும்புகிறேன்.

முகவரி சரியாக இருந்து, 'பிங்' என்ற இணைப்புச் சோதனைக்குப் பதிலும் வந்து, விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் சோதித்தால் 9100 போர்ட் (பிரிண்டர் அச்சு வேலைகளை வாங்கும் நெட்வொர்க் வாசலின் எண்) திறந்திருந்தும் 'ஆஃப்லைன்' நீங்கவில்லை என்றால், பழி எஸ்என்எம்பி மீது; அது நெட்வொர்க்கில் உள்ள கருவிகளின் நிலையை விசாரிக்கும் முறை. விண்டோஸ் பிரிண்டரின் நிலையை யுடிபி 161 என்ற வேறொரு வாசல் வழியாகத் தனியே விசாரிக்கிறது. பிரிண்டரில் அந்த வசதி அணைக்கப்பட்டிருந்தாலோ, 'பப்ளிக்' என்ற கம்யூனிட்டி பெயர் (அந்த விசாரணைக்கான கடவுச்சொல் போன்றது) மாற்றப்பட்டிருந்தாலோ பதில் வராது, அச்சிடும் வழி திறந்தே இருந்தாலும் விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்று முடிவுகட்டிவிடும். போர்ட் அமைப்பில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்ற டிக்கை எடுத்தால் போதும்.

ஆவண எழுத்தர் அலுவலகத்தில் இதைவிடப் பெரிய கவலை முத்திரைத்தாள். சாதாரணத் தாள் பாழானால் குப்பைக்கூடை உண்டு; முத்திரைத்தாள் பாழானால் அது கட்சிக்காரரின் பணம். 9100 வழி அச்சு, வந்த பைட்டுகளை அப்படியே வாங்கிக்கொள்ளும். இன்ன வேலை, இன்ன வடிவம் என்ற விவரம் எதையும் அது கேட்பதில்லை. பிசிஎல் என்ற அச்சு மொழி மட்டுமே தெரிந்த பிரிண்டருக்கு, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற வேறோர் அச்சு மொழியில் டிரைவர் அனுப்பினால், கட்டளை வரிகளே எழுத்தாகப் பக்கம் பக்கமாக விழும். பாதியில் ரத்துசெய்த வேலையின் மிச்சமும் அவ்வாறே குப்பை எழுத்தாக வெளிவரலாம். 631 போர்ட்டில் இயங்கும் ஐபிபி என்ற அச்சு நெறிமுறை வேறுவகை. 2000ஆம் ஆண்டில் வெளியான அதன் 1.1 பதிப்பிலேயே ஒவ்வொரு வேலைக்கும் எண்ணும் நிலையும் உண்டு: காத்திருக்கிறது, நடக்கிறது, முடிந்தது, கைவிடப்பட்டது. அனுப்பும் கணினி ஆவணத்தின் வடிவத்தைக் குறிப்பிட்டால், அது தனக்குத் தெரியாத வடிவம் என்றபோது பிரிண்டர் தாளை இழுப்பதற்கு முன்பே மறுத்துவிட முடியும்.

1990ஆம் ஆண்டிலேயே ஆவணப்படுத்தப்பட்ட எல்பிஆர் என்ற அச்சு அனுப்பும் முறை இன்னும் சில பழைய மென்பொருள்களில் உயிரோடிருக்கிறது. அதில் க்யூ (அச்சு வரிசை) பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக்கூடச் சில பிரிண்டர்கள் பொருட்படுத்தும் என்பதால், தேவையின்றி அந்தப் பக்கம் போவதில்லை.

இப்போது அந்த அலுவலகக் கணினிகளில் ஒரே பிரிண்டர் இரண்டு பெயர்களில் தெரிகிறது. 'நகல்' என்பது 9100 வழியில், சாதாரணத் தாள் தட்டிலிருந்து அடிக்கும். 'பத்திரம்' என்பது ஐபிபி வழியில், கையால் தாள் வைக்கும் தட்டிலிருந்து மட்டுமே இழுக்கும். வரைவுகளை அதில் அனுப்பக் கூடாது என்று தட்டச்சு செய்பவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.